கழுகு கொண்டுபோன சிறுவன்

கேப் டவுன் நகரத்துக்குத் தெற்கே, டேபிள் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் க்ரூட் கான்ஸ்டன்ஷியா என்ற திராட்சைப் பண்ணை இருக்கிறது. பண்ணை வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறம் போனால் நீளமான வெள்ளைக் கட்டடம் ஒன்று எதிரே நிற்கும். அது ஒயின் கிடங்கு, 1791இல் கட்டப்பட்டது. சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள் அதன் முகப்பைச் சீரான பத்திகளாகப் பிரிக்கின்றன. நடுவில், கிரேக்கக் கோயிலின் நெற்றியில் இருக்குமே, அப்படி ஒரு முக்கோணம். அகலமும் அதிகம், தாழ்வும் அதிகம். அந்த முக்கோணம் முழுக்கச் சுதைச் சிற்பம்.

அண்ணாந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு கூட்டம். கொழுகொழுவென்று குழந்தைகள், திராட்சைக் குலைகள், ஒரு பெரிய கழுகு, கழுகோடு ஒரு சிறுவன். கீழே சுவர் நேர்க்கோட்டில் அமைதியாக நிற்கிறது; மேலே இந்தக் கூட்டம் சட்டத்துக்குள் அடங்காமல் துள்ளுகிறது. அந்தச் சிறுவன் கானிமீட். ட்ராய் நாட்டு அரசன் ட்ரோஸின் மகன். மண்ணில் பிறந்தவர்களில் அவனைப் போன்ற அழகன் இல்லை என்பது கிரேக்கர்களின் கதை. தேவர்களின் தலைவன் சீயஸ் அவன்மேல் ஆசைப்பட்டுக் கழுகு உருவில் வந்து தூக்கிக்கொண்டு போனான். ஒலிம்பஸ் மலையில் தேவர்களுக்கு மது ஊற்றிக் கொடுப்பது அன்றிலிருந்து அவன் வேலை.

ஒயின் கிடங்குக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் வேண்டுமா என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தக் கதவுக்குள் போய் வேலை செய்தவர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்று படித்த பிறகு அந்தச் சிற்பத்தை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. ஊரிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டு, திரும்பிப் போகவே முடியாத இடத்தில், பிறர் குடிக்க மது தயாரித்த மனிதர்களின் தலைக்கு மேலே, ஊரிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டு மது ஊற்றப் பணிக்கப்பட்ட ஒரு சிறுவனின் உருவம். செய்தவரும் செய்யச் சொன்னவரும் அதைக் கவனித்தார்கள் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. அந்தக் கவனமின்மை எப்படி ஒரு கட்டடக்கலையாக வளர்ந்தது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

கோயில் முகப்பு எப்படி ஒரு விவசாயப் பண்ணைக்கு வந்து சேர்ந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இத்தாலியின் வெனிட்டோ பகுதியில் 16ஆம் நூற்றாண்டில் அந்திரேயா பல்லாதியோ பணக்காரர்களுக்குப் பண்ணை மாளிகைகள் கட்டிக் கொடுத்தார். வெனிஸ் வணிகர்கள் கடல் வாணிபத்தில் ஈட்டிய பணத்தை நிலத்தில் போடத் தொடங்கிய காலம் அது. ஃபன்சோலோவில் உள்ள வில்லா எமோவைப் பார்த்தால் அவருடைய வழி விளங்கும். நடுவில் முக்கோண நெற்றியும் தூண்களும் கொண்ட வீடு. இரண்டு பக்கமும் நீண்ட சிறகுகள். அந்தச் சிறகுகள் களஞ்சியமும் கிடங்கும். தானியம், ஒயின், ஏர்க் கருவி எல்லாம் அங்கேதான். முக்கோண முகப்பைக் கோயிலிலிருந்து திருடி வீட்டுக்கு வைக்கிறோமே என்ற உறுத்தல் பல்லாதியோவுக்குக் கிடையாது. ஆதியில் மனிதர்கள் தங்கள் வீட்டுக்குத்தான் அப்படி முகப்பு வைத்தார்கள், கோயில் அதை வீட்டிலிருந்து கடன் வாங்கியது என்று 1570இல் வெளிவந்த தம் நூலில் அவர் வாதிட்டார். வரலாற்றுப்படி அது சரியான வாதம் இல்லை. ஆனால் அந்த வாதம் ஐரோப்பாவின் நாட்டுப்புறத்தையே மாற்றிவிட்டது. நிலமுள்ளவன் வீட்டு வாசலில் கோயில் நெற்றி வைக்கலாம் என்ற அனுமதிச் சீட்டு அது.

18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹெர்குலேனியமும் பொம்பெயியும் தோண்டப்பட்டன. பண்டைய ரோமும் கிரேக்கமும் மண்ணுக்குள்ளிருந்து நேராகக் கண்ணுக்கு வந்தன. பரோக் கலையின் வளைவும் நெளிவும் சலித்துப்போயிருந்த கட்டடக் கலைஞர்கள் நேர்க்கோட்டுக்கும் அளவுக்கும் திரும்பினார்கள். இதைத்தான் நவசெவ்வியல் என்கிறோம்.

பிரான்ஸின் போர்தோ பகுதியில் அது ஒயினோடு கைகோத்தது. போர்தோ நகரத்தில் விக்டர் லூயி கட்டிய பெரிய நாடக அரங்கு 1780இல் திறக்கப்பட்டது. முகப்பில் 12 கொரிந்தியத் தூண்கள். அந்த ஊர் வணிகர்களுக்கும் நீதிமன்றப் பிரபுக்களுக்கும் தங்கள் திராட்சைப் பண்ணையிலும் அப்படி ஒன்று வேண்டும் என்ற ஆசை வந்தது. அதில் உச்சம் ஷாதோ மார்கோ. புரட்சிக்குப் பிறகு அந்தப் பண்ணையை வாங்கியவர் பெர்த்ரான் துவா, லா கொலோனியாவின் மார்க்கி என்ற பட்டம் பெற்ற பெருவணிகர். பழைய மாளிகையை இடித்துத் தள்ளிவிட்டு, லூயி கோம்ப் என்ற போர்தோ கலைஞரிடம் புதியதைக் கட்டச் சொன்னார். 1810இல் வேலை தொடங்கியது. பிளேன் மரச் சாலையின் முடிவில் அகலமான படிக்கட்டு, அதன்மேல் அயோனியத் தூண்கள், அவற்றின்மேல் முக்கோணம். மார்கோ பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தில் இன்றும் அந்தப் படம்தான். கட்டச் சொன்னவர் 1816இல் இறந்துபோனார்; அந்த வீட்டில் அவர் வாழவே இல்லை.

மார்கோவில் கோம்ப் செய்த ஏற்பாடு கவனிக்கத்தக்கது. கோயில் முகப்பு வீட்டுக்கு. ஒயின் தயாரிக்கும் கிடங்குகளும் கைவினைஞர் பட்டறைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் தனியாக, பக்கவாட்டில். அவையும் ஒழுங்கான வரிசையில் அழகாகவே இருக்கின்றன. ஆனால் சாலையில் நடந்து வருகிறவன் கண்ணுக்கு நேராகத் தெரிவது வீடு மட்டுமே. வேலை ஓரமாகத் தள்ளப்பட்டிருக்கிறது. 1855இல் போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்துப் பட்டியல் போட்டபோது 'ஷாதோ' என்ற பட்டத்தோடு இடம்பெற்ற பண்ணைகள் வெகு சில. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அது எங்கும் பரவியது. கோட்டை என்று பொருள்படும் சொல் ஒயினின் பெயராகவே ஆயிற்று. மாளிகை ஒயினுக்குச் சாட்சி, மாளிகையின் படம் தரத்துக்கு முத்திரை. இன்று உலகெங்கும் திராட்சைத் தோட்டக்காரர்கள் தூண் வைத்த வீடு கட்டி அதைப் பாட்டிலில் அச்சடிப்பது இங்கிருந்து வந்த பழக்கம்.

க்ரூட் கான்ஸ்டன்ஷியாவில் இந்த ஏற்பாடு தலைகீழ். அங்கே பண்ணை வீடு பழைய கேப் டச்சு மரபில் இருக்கிறது: நாணல் கூரை, வெள்ளைச் சுவர், வாசலுக்கு மேலே வளைந்து வளைந்து உயரும் முகட்டுச்சுவர், அதில் ஒரு மாடம், மாடத்தில் வளமையின் உருவமாக ஒரு பெண் சிலை. கோயில் முகப்பு வீட்டுக்குப் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால், அதே நேர்க்கோட்டில் நிற்கும் கிடங்குக்குப் போயிற்று. வேலை நடக்கும் இடத்துக்குக் கோயில் நெற்றி. ஏன் அப்படி என்று புரிந்துகொள்ள அந்தப் பண்ணையின் கதைக்குள் கொஞ்சம் போக வேண்டும். அந்தக் கதை நம் கரையையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது.

1685இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆணையராகக் கேப் குடியேற்றத்துக்கு வந்தவர் ஹென்ட்ரிக் ஆட்ரியான் ஃபான் ரேடே. மலபாரில் கம்பெனியின் தளபதியாக இருந்தபோது கேரளத்து மூலிகைகளையும் மரங்களையும் தொகுத்து 12 தொகுதிகளாக 'ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்' நூலை உருவாக்கியவர் இவரே. கேப்பின் ஆளுநர் சீமோன் ஃபான் டெர் ஸ்டெல்லுக்கு ஏறத்தாழ 760 ஹெக்டேர் நிலத்தை எழுதிக்கொடுத்தவரும் இவரே. அந்த நிலந்தான் கான்ஸ்டன்ஷியா. கேப்பிலிருந்து கிளம்பிய ஃபான் ரேடே இலங்கைக்கும் வங்காளத்துக்கும் சோழமண்டலத்துக்கும் போனார். 1690இல் கம்பெனியின் சோழமண்டலத் தலைமையிடம் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாறியது அவர் எடுத்த முடிவால்தான். ஒரே மனிதரின் ஒரே பயணத்தில் கான்ஸ்டன்ஷியாவும் நாகப்பட்டினமும் அடுத்தடுத்து வருகின்றன. கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் இந்த இரண்டு ஊரும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் மாதிரி.

நிலம் பெற்ற ஃபான் டெர் ஸ்டெல் 1639இல் மொரீஷியஸுக்குப் போகும் வழியில் கடலில் பிறந்தவர். அவருடைய தாய்வழிப் பாட்டி ஓர் இந்திய அடிமைப் பெண்; மோனிக்கா டா கோஸ்டா என்று ஆவணங்களில் வருகிறாள். கோஸ்டா என்றால் போர்ச்சுகீசிய மொழியில் கரை. பேரன் தன் பண்ணையில் அடிமைகளை வைத்துக் கொடி நட்டார். 1712இல் அவர் இறந்தார். சில ஆண்டுகளில் பண்ணை மூன்றாகப் பிரிந்தது. வீடு இருந்த பங்குதான் க்ரூட் கான்ஸ்டன்ஷியா, பெரிய கான்ஸ்டன்ஷியா.

1778இல் ஹென்ட்ரிக் க்ளூட்டி அதை வாங்கினார். பண்ணை நலிந்து கிடந்த நேரம். க்ளூட்டி விடாப்பிடியான மனிதர். கொடிகளைப் புதிதாக நட்டார். பழத்தைச் சீக்கிரம் பறிக்காமல், கொடியிலேயே பாதி உலர்ந்து சுருங்கும்வரை விட்டு, சர்க்கரை செறிந்த அந்தப் பழத்தைப் பிழிந்து இனிப்பு ஒயின் செய்தார். கான்ஸ்டன்ஷியா ஒயின் ஐரோப்பிய அரண்மனைகளுக்குப் போயிற்று. நெப்போலியன் செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்தபோது குடித்தது இதையே. ஜேன் ஆஸ்டினின் முதல் நாவலில் மனமுடைந்த ஒரு பெண்ணுக்கு மருந்தாகச் சிபாரிசு செய்யப்படுவதும் இதுதான். கம்பெனி மட்டும் அவரைச் சும்மா விடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒரு பங்கைத் தான் வைத்த விலைக்கு எடுத்துக்கொண்டது. க்ளூட்டி அதை எதிர்த்து மன்றாடிக்கொண்டே இருந்தார். பெயரெல்லாம் ஒயினுக்கு. கேப்பைக் கடந்து போகும் கப்பல்களிலிருந்து இறங்கும் விருந்தாளிகள் பண்ணைக்கு வந்தால் வீட்டில் உட்கார்ந்துவிட்டுப் போக மாட்டார்கள். பின்பக்கம் நடந்து கிடங்கைப் பார்த்துவிட்டே போவார்கள். ஆகவே அலங்காரமும் அங்கே போயிற்று என்று நான் கருதுகிறேன். வீடு குடும்பத்தின் முகம். கிடங்கு உலகச் சந்தையின் முகம். செவ்வியல் என்பது அன்றைக்கு உலகச் சந்தையின் மொழி.

அந்த மொழியைக் கேப்புக்குக் கொண்டுவந்தவர் லூயி மிஷெல் திபோ. 1750இல் வடக்கு பிரான்ஸின் பிகிஞி ஊரில் பிறந்தவர். பாரிஸில் அரச கட்டடக் கலைஞர் கப்ரியேலிடம் படித்தார். 1783இல் டச்சுக் கம்பெனிக்கு வாடகைப் படையாக வந்த சுவிஸ் நாட்டு டி மியூரோன் ரெஜிமெண்டில் பொறியாளராகச் சேர்ந்து கேப்பில் இறங்கினார். ரெஜிமெண்ட் பிறகு இலங்கைக்குப் போயிற்று. 1795இல் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்து, 1799இல் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டினத்தை முற்றுகையிட்ட படையிலும் இருந்தது. அதன் அதிகாரிகள் சிலரின் கல்லறைகளை ஸ்ரீரங்கப்பட்டினத்துக் காவற்படை இடுகாட்டில் இன்றும் பார்க்கலாம். திபோ மட்டும் கேப்பிலேயே தங்கி, அந்த நாட்டின் முதல் பெரிய கட்டடக் கலைஞரானார். கான்ஸ்டன்ஷியா கிடங்கு அவர் கைவேலை என்றுதான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சுதைச் சிற்பம் ஆன்டன் ஆன்ரைத் செய்தது. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பக்கத்தில் 1754இல் பிறந்து, 1777இல் கம்பெனியின் சாதாரணச் சிப்பாயாகக் கேப்புக்கு வந்தவர். கேப் டவுன் லுத்தரன் தேவாலயத்தில் அவர் மரத்தில் செதுக்கிய பிரசங்க மேடையைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிப்பாயின் கை எப்படிப்பட்டது என்று தெரியும்.

திபோ நவசெவ்வியல்காரர், ஆன்ரைத் மனதால் வளைவையும் துள்ளலையும் விரும்பும் ரோகோகோக்காரர். அளந்து கட்டிய சட்டத்துக்குள் அளவை மதிக்காத ஒரு கூத்து. இந்த உரசல்தான் அந்த முகப்பை உயிருள்ளதாக்குகிறது. சுத்தமான நவசெவ்வியல் கட்டடங்கள் பலவற்றில் ஒரு குளிர்ச்சி உண்டு. மார்கோவில்கூட அது இருக்கிறது. கான்ஸ்டன்ஷியாவில் அது இல்லை. அந்தக் கட்டடம் அழகானது என்பதை நான் தயங்காமல் சொல்வேன். அந்த அழகை மறுத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது எளிது, ஆனால் நேர்மையாக இருக்காது.

அந்தச் சுவர் எதனால் ஆனது என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். கேப்பில் நல்ல கட்டடக் கல் கிடைப்பது அரிது. செங்கல்லும் களிமண்ணும் வைத்துத் தடிமனாகச் சுவர் எழுப்பி, மேலே சுண்ணாம்புப் பூச்சு. சுண்ணாம்பு வந்தது கடற்கரையிலிருந்து. கிளிஞ்சல்களைக் குவியல் குவியலாக அள்ளிவந்து, சூளையில் சுட்டு, நீற்றி எடுத்தார்கள். நம் ஊரில் கிளிஞ்சல் சுண்ணாம்பு என்று சொல்வோமே, அதேதான். மழை ஈரம் உள்ளே இறங்காமல் இருக்க ஆண்டுதோறும் வெள்ளையடிக்க வேண்டும். கேப் டச்சு வீடுகளின் விளிம்புகளெல்லாம் கத்தி முனை மாதிரி இல்லாமல் மெத்தென்று உருண்டிருப்பதற்கு, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய வெள்ளையடிப்புகளும் ஒரு காரணம். கிளிஞ்சல் பொறுக்கியதும், சூளைக்கு விறகு வெட்டியதும், சாந்து குழைத்ததும், பூசியதும் பெரும்பாலும் அடிமைகள். கேப் டவுனின் கொத்தனார்களும் பூச்சு வேலைக்காரர்களும் பெரும்பகுதி ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் என்பது வரலாற்று ஆசிரியர்கள் ஒப்புக்கொண்ட செய்தி. அரைத்தூணின் நேர்க்கோட்டை மட்டப்பலகை வைத்து இழுத்த கை ஆன்ரைத்தின் கையாக இருக்க வேண்டியதில்லை.

இனி உள்ளே. 1797இல் கேப்புக்கு வந்த லேடி ஆன் பர்னார்ட், ஆங்கிலேய ஆட்சியின் செயலாளர் ஒருவரின் மனைவி. கூர்மையான கண், நல்ல எழுத்து. கான்ஸ்டன்ஷியாவில் திராட்சை மிதிக்கும் அறைக்கு க்ளூட்டியே அவரை அழைத்துக்கொண்டு போனார். நான்கு தொட்டிகள், ஒவ்வொன்றிலும் மூன்று அடிமைகள். அரை உடம்பில் துணியில்லாமல், இசைக்கு ஏற்றபடி, ஒரே தாளத்தில் பழத்தை மிதித்துக்கொண்டிருக்கிறார்கள். கறுப்புக் கால்கள் மிதித்த சாறா என்று உடன் வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். நொதித்தலில் அழுக்கெல்லாம் போய்விடும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டதாக அவர் எழுதுகிறார். அடுத்ததாக அவர் சொல்வதுதான் என்னை உலுக்கியது. அந்த உடல்கள் அவருக்குப் பண்டைய காலச் சிலைகளாகத் தெரிந்தன. வெண்கல உருவங்கள் கணத்துக்குக் கணம் வடிவம் மாறி, ஒவ்வொரு வடிவத்திலும் எழிலோடு ஆடுவதைப் போல இருந்ததாம்.

அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உண்மையாகவே ரசித்திருக்கிறார். அவருடைய தலைமுறை ரோமையும் கிரேக்கத்தையும் பார்த்துப் பழகிய கண்ணோடு வந்தது. அந்தக் கண்ணுக்கு முன்னால் வியர்வையும் களைப்பும் சிலையாகிவிட்டன. முகப்பில் ஆன்ரைத் சுண்ணாம்பில் செய்ததை, உள்ளே இந்தப் பெண்மணி பார்வையிலேயே செய்துவிட்டார். நவசெவ்வியல் என்பது தூணும் முக்கோணமும் மட்டும் இல்லை. அது ஒரு பார்க்கும் முறை. ஆளைப் பார்க்காமல் உருவத்தைப் பார்க்கும் முறை. பன்னிரண்டு பேர் அந்தத் தொட்டிகளில் நின்றார்கள். ஒருவர் பெயரையும் அவர் கேட்டு எழுதவில்லை.

அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள்? 1652இல் கேப்பில் குடியேற்றம் தொடங்கியதிலிருந்து 1808இல் அடிமை வணிகம் தடை செய்யப்பட்டதுவரை ஏறத்தாழ 63,000 பேர் அங்கே கொண்டுவரப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. ஆப்பிரிக்கக் கரை, மடகாஸ்கர், இந்தோனேசியத் தீவுகள், இந்தியாவும் இலங்கையும் என்று பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய கால் பங்கு. வங்காளம், மலபார், சோழமண்டலம். நம்மில் பலருக்கு இந்தச் செய்தி பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரப்படவே இல்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர் என்றால் 1860இல் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போன ஒப்பந்தக் கூலிகளிலிருந்துதான் கதையைத் தொடங்குகிறோம். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே சங்கிலியோடு போனவர்கள் உண்டு.

நாகப்பட்டினம், பழவேற்காடு, தூத்துக்குடி. இவை டச்சுக் கம்பெனிக்குத் துணி வாங்கும் துறைமுகங்கள் என்றே படித்திருக்கிறோம். பஞ்சம் வந்த ஆண்டுகளில் அவை ஆள் வாங்கும் துறைமுகங்களும் ஆயின. 1659 முதல் 1661 வரை பீஜப்பூர்ப் படைகள் தஞ்சை வயல்களைச் சூறையாடின. விளைச்சல் இல்லை. அந்த மூன்று ஆண்டுகளில் நாகப்பட்டினம் முதலிய இடங்களில் கம்பெனி 8,000 முதல் 10,000 பேர்வரை விலைக்கு வாங்கியது. பெரும்பாலோர் இலங்கைக்குப் போனார்கள். மற்றவர்கள் இன்றைய ஜகார்த்தாவான பட்டாவியாவுக்கும் மலாக்காவுக்கும். 1694 முதல் 1696 வரை மறுபடியும் போர், மறுபடியும் பஞ்சம். சோழமண்டலத்திலிருந்து 3,859 பேர் தனியார் கையில் இலங்கைக்கு ஏற்றப்பட்டதாகக் கணக்கு இருக்கிறது. இலங்கையிலும் பட்டாவியாவிலும் வாங்கியவர்களை ஊர் திரும்பும் கப்பல் அதிகாரிகள் வழியில் கேப்பில் விற்றுக் காசாக்கினார்கள். பசி தாங்காமல் பெற்றவர்களே பிள்ளைகளை விற்ற ஆண்டுகள் அவை.

கானிமீடின் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. மகன் போய்விட்டான், ட்ரோஸ் அரசன் அழுதுகொண்டே இருக்கிறான். சீயஸ் மனமிரங்கி அவனுக்கு ஈடாகச் சாவாத குதிரைகளைக் கொடுக்கிறான். மகனுக்கு விலை குதிரை. அதை வாங்கியதும் தகப்பன் மகிழ்ந்துபோனான் என்று முடிகிறது பழைய கிரேக்கப் பாட்டு. ஆன்ரைத்தின் முக்கோணத்தில் தகப்பன் இல்லை, குதிரைகளும் இல்லை. சிறுவனும் கழுகும் குழந்தைகளும் மட்டும். ஐரோப்பியச் சிற்பிகள் எல்லாரும் இந்தக் கதையில் தூக்கிப்போகும் கணத்தையும் மதுக் கிண்ணத்தையும்தான் செதுக்கினார்கள். விற்பனையைச் செதுக்கவில்லை.

மேலைத் தேசத்திலும் கணக்கு வேறில்லை. மார்கோவின் தூண்களை எழுப்பிய போர்தோவிலிருந்து ஏறத்தாழ 500 அடிமைக் கப்பல் பயணங்கள் புறப்பட்டிருக்கின்றன. 1,20,000க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு அவை கொண்டுபோயின. ஆனால் போர்தோவுக்கு அந்தத் தோட்டங்களும் சாட்டைகளும் கடலுக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்தன. கேப்பில் எல்லாம் ஒரே முற்றத்தில்.

திபோவும் ஆன்ரைத்தும் சேர்ந்து செய்த இன்னொரு வேலையையும் சொல்லியாக வேண்டும். கேப் டவுன் நடுவில், கம்பெனித் தோட்டத்தின் வாசலில் 1679இல் கட்டப்பட்ட அடிமை விடுதி இருக்கிறது. கம்பெனியின் சொந்த அடிமைகளை நூற்றுக்கணக்கில் அடைத்து வைத்த இடம்; வெளிச்சுவரில் சன்னல் இல்லாத கட்டடம். 1807க்குப் பிறகு ஆங்கிலேய அரசு அதை அலுவலகமாகவும் நீதிமன்றமாகவும் மாற்ற முடிவு செய்தது. வேலை திபோவிடம் வந்தது. சன்னல்கள் திறந்தார், முகப்பு வைத்தார். பின்பக்க முக்கோணத்தில் ஆன்ரைத் பிரிட்டிஷ் அரசின் சிங்கத்தையும் ஒற்றைக்கொம்புக் குதிரையையும் சுதையில் செய்தார். முற்றத்தில் நின்ற மனிதர்கள் கட்டடத்திலிருந்து காணாமல் போனார்கள். அடிமைகள் இருந்த இடத்தில் நீதி வந்து உட்கார்ந்தது. கான்ஸ்டன்ஷியாவில் செய்த அதே காரியம், நகரத்தின் நடுவில் பெரிய அளவில். அந்தக் கட்டடம் இப்போது அடிமை வரலாற்று அருங்காட்சியகம். சரியான முடிவு என்று நினைக்கிறேன்.

1834 டிசம்பர் முதல் தேதி கேப்பில் அடிமைமுறை சட்டப்படி முடிந்தது. அப்போது அங்கே ஏறத்தாழ 38,000 அடிமைகள். இன்னும் நான்கு ஆண்டுகள் 'தொழில் பழகுநர்' என்ற பெயரில் பழைய எசமானர்களிடமே வேலை செய்துவிட்டு 1838இல்தான் வெளியே வந்தார்கள். பிரிட்டிஷ் அரசு இழப்பீடு கொடுத்தது. கேப்புக்கு ஒதுக்கியது 12 லட்சம் பவுண்டுக்கு மேல். எசமானர்களுக்கு. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை.

க்ளூட்டி குடும்பத்தின் கையிலிருந்து பண்ணை நழுவி 1885இல் கேப் அரசுக்கு வந்தது. அடுத்த ஆண்டே கொடிவேரைத் தின்னும் ஃபைலாக்சரா பூச்சி கேப்பில் கண்டுபிடிக்கப்பட்டது. 1925 டிசம்பரில் பண்ணை வீட்டில் தீப்பிடித்தது. நாணல் கூரை; நிமிடங்களில் எரிந்தது. கட்டடக் கலைஞர் எஃப். கே. கெண்டல் அதைப் பழைய வடிவத்தில் மீட்டுக் கட்டினார். கெண்டல், ஹெர்பர்ட் பேக்கரின் கூட்டாளியாக இருந்தவர். இந்த பேக்கர்தான் சிசில் ரோட்ஸுக்கு க்ரூட் ஸ்கூர் மாளிகையைக் கட்டி, கேப் டச்சு பாணியை வெள்ளை ஆட்சியின் பெருமைச் சின்னமாக மீட்டெடுத்தவர். பிறகு புது டெல்லிக்கு வந்து தலைமைச் செயலகக் கட்டடங்களைக் கட்டியவரும் அவரே. அந்த மீட்டெடுப்பில் அழகிய வெள்ளைச் சுவர்கள் ஐரோப்பியக் குடியேறிகளின் சொத்தாகச் சொல்லப்பட்டன. சாந்து குழைத்தவர்கள் அந்தக் கதையில் நெடுங்காலம் இடம்பெறவில்லை. இப்போது நிலைமை மாறியிருக்கிறது; பண்ணை வீட்டு அருங்காட்சியகத்தில் அங்கே உழைத்த அடிமைகளைப் பற்றியும் காட்சி வைத்திருக்கிறார்கள். கிடங்கு நெருப்புக்குத் தப்பியது. ஆன்ரைத்தின் சிறுவன் அதே இடத்தில் இருக்கிறான்.

அடிமைகளின் பெயர்களைப் பற்றி ஒன்று. விற்கும்போதோ வாங்கும்போதோ பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதுப் பெயர் வைப்பது கேப்பின் வழக்கம். பல பேருக்கு அவர்கள் விற்கப்பட்ட மாதத்தின் பெயர்: ஜனவரி, பிப்ரவரி, செப்டம்பர். இன்னும் பலருக்குப் பண்டைய ரோமின் பெயர்கள்: டைட்டஸ், சிப்பியோ, அப்பல்லோ, கூப்பிடோ. கூப்பிடோ என்றால் மன்மதன். அந்த முக்கோணத்தில் கானிமீடைச் சுற்றித் துள்ளும் கொழுகொழுக் குழந்தைகளின் பெயரும் அதுதான். அத்தனை செவ்வியலும் போட்ட பிறகு எழுத்தர்கள் ஒன்றை மட்டும் விட்டுவைத்தார்கள், அடையாளம் தெரிவதற்காக: ஆள் எங்கிருந்து வந்தான் என்பது. ஃபான் பெங்காலன், வங்காளத்திலிருந்து. ஃபான் மலபார், மலபாரிலிருந்து. ஃபான் டெ குஸ்ட் என்று நிறையப் பேர் இருக்கிறார்கள். கரையிலிருந்து என்று பொருள். எந்தக் கரை என்று எழுத வேண்டிய தேவை எழுத்தருக்கு இருக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் கரை என்று மட்டும் சொன்னால் அது சோழமண்டலக் கரை.